நாலாம் நம்பர் குழி

எத்திராஜின் வலது கை முழுசாக மூடாது. சோறு பிசையும், பீடி பிடிக்கும், சைக்கிள் பிரேக்கை அழுத்தும். ஆனால் ஊர்வலத்தில் எல்லோரும் முஷ்டியை உயர்த்திக் கோஷம் போடும்போது, அவன் விரல்கள் உள்ளங்கையைத் தொடுவதற்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு, அவன் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

"இன்னாடா எத்திராஜு, கண்ணுக்குத் தெரியாத சொம்பு எதனா வச்சிக்கினு கீறியா கையில?" என்பான் சத்தார். தோல் பதனிடுகிற ஒரே ஷாப்பில், ஒரே சுண்ணாம்புக் குழி வரிசையில், இருபது வருஷத்துக்கு மேலாக அவனோடு நிற்கிறவன்.

"சொம்பு இல்ல பாய், உன் கழுத்து. சமயம் பாத்துக்கினு இருக்கேன்."

சிரிப்போடு போய்விடும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டினான். சுண்ணாம்பு வேலைக்காரர்களுக்கு நரம்பு இப்படி இழுத்துக்கொள்வது உண்டு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எத்திராஜ் மாத்திரை வாங்கவில்லை. கைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு கொத்து முடி. ஜம்புலிங்கத்தின் முடி.

ஜம்புலிங்கம் ஏரிக்கொல்லை காலனிக்காரர். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் வரும். அப்பன் செத்த மாடு தூக்கினவர். இவர் பத்தாவது வரை படித்து, தோல் ஷாப்பில் ரகம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தார். குழியில் இறங்குகிறவனுக்கு ரப்பர் கிளவுஸ் கொடு என்று கேட்டதற்கு வேலை போனது. போனது நல்லதாகப் போயிற்று என்றார். அதற்கப்புறம் முழுநேரமும் நீலக்கொடிக் கட்சிதான்.

எழுபத்தேழு வரைக்கும் காலனிக்காரன் ஊர்த்தெருவில் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோலை அலசி, முடி வழித்து, சதை சீவி, கை வெந்துபோய் வருகிறவன் வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஜம்புலிங்கம் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று கேட்டார்: "நம்ம தோலு கப்பலேறி ஜெர்மனிக்குப் போவுது. அந்த ஜெர்மனிக்காரன் ஷூ போட்டுக்கினு இந்தத் தெருவுல வந்தா கழட்டச் சொல்லுவானுங்களா? சொல்லட்டும், நானும் கழட்டுறேன்."

அந்த வருஷம் ஆவணியில் முந்நூறு பேர் செருப்போடு ஊர்த்தெருவில் நடந்தார்கள். பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. அதற்கென்றே வாங்கினார்கள், இரவல் கேட்டார்கள். சத்தார்கூடத் தன் மச்சினனிடமிருந்து இரண்டு ஜோடி வாங்கிவந்து கொடுத்தான். ஜம்புலிங்கம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "கோஷம் வேணாம். ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது. செருப்பு சத்தம் மட்டும் கேக்கட்டும்." மாடிமேல் ஆட்கள் கல்லோடு நின்றார்கள். கீழே முந்நூறு ஜோடி செருப்பு சரக் சரக்கென்று போயிற்று. எத்திராஜுக்குப் புதுச்செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் ரத்தம். கழற்றவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக வலித்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது சுடுகாட்டுப் பாதை. காலனிப் பிணம் ஊர்த்தெருவில் போகக் கூடாது, ஏரி உள்வாயில் சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும். "அடுத்து சாவறவன் எவனா இருந்தாலும் ஊர்த்தெரு வழியாத்தான் போவான்" என்று அறிவித்து, எழுபத்தெட்டு மார்ச் பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு ஆம்பூரில் கூட்டம் வைத்திருந்தார். கூட்டத்துக்கு நாலு மணி நேரம் முன்னால், எத்திராஜ் அவரைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து இழுத்துப் போட்டான்.

*

ஷாப்பில் ஆறு குழிகள். நாலாம் நம்பரில் மூன்று வாரமாகப் பழைய சுண்ணாம்பு. வீரியம் செத்த தண்ணீர். பதினாலாம் தேதி காலையில் அதைத் திறந்துவிட்டுப் புதுசு கலக்க வேண்டும் என்பது மேஸ்திரி சொன்ன வேலை. மத்தியானம் ஆட்டுத்தோல் லாரி வருகிறது. காலையில் அதில் இறங்கினால் பத்து மணிக் கூட்டத்துக்குப் போக முடியாது. அதனால் எத்திராஜ் முந்தின நாள் சாயங்காலமே, மற்றவர்கள் போன பிறகு தனியாக நின்று பழசைத் திறந்துவிட்டு, புதுச்சுண்ணாம்பு கொட்டி, சல்பைட்டும் போட்டுக் கலக்கிவிட்டான். மேஸ்திரி இல்லாமல் சல்பைட்டைத் தொடக் கூடாது. காலையில் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வெறும் சுண்ணாம்பில் தோலின் முடி தளர நாட்கணக்காகும். சல்பைட்டு சேர்ந்தால் ஒரு ராத்திரி போதும். காலையில் கையால் வழித்தால் முடி சேறுபோல வரும். மேலே பார்க்கிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே வெள்ளை ஆடை. மற்ற ஐந்து குழியிலும் அடிக்கிற அதே அழுகின முட்டை நாற்றம்.

காலையில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டான். கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலில் ஆள் இல்லை. குழி வரிசைக்குப் போனான். நாலாம் நம்பரில் ஒரு வெள்ளைச் சட்டை காற்று வாங்கி உப்பி மிதந்தது.

சட்டையைப் பிடித்தான், கிழிந்தது. கையைப் பிடித்தான், வழுக்கியது. கடைசியில் முடியைப் பிடித்தான்.

ஜம்புலிங்கத்தின் முடி ஊரறிந்தது. காதை மூடி, பிடரியில் புரளும் சுருட்டை. பின் பாக்கெட்டில் எப்போதும் சீப்பு. "கொள்கை பாதி, கிராப்பு பாதி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அந்த முடியை எத்திராஜ் கொத்தாகப் பிடித்து இழுத்தான். ஒரு ஆள் பாரம் முழுசும் அதில் தொங்கியது. சவுக்காரம் தடவினதுபோல வழவழவென்றிருந்ததே தவிர, ஒரு முடி கையோடு வரவில்லை.

சத்தார் ஓடிவந்தான். இரண்டு பேருமாகக் கரையில் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முகம் சிவந்திருந்தது. உயிர் இல்லை. காலில் இரண்டு செருப்பும் அப்படியே இருந்தன. ஆறு மணிச் சங்கு ஊதியது.

எத்திராஜின் புத்திக்கு எட்டுவதற்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக முடி பிடித்துப் பார்த்து நேரம் சொல்கிற கை. சல்பைட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த தலையில் முடி இருக்காது. இன்னும் அரைமணி போயிருந்தாலே கொத்தோடு வந்திருக்கும். ஆள் குழிக்குள் வந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஆனால் ஏழு மணிக்குள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. ராத்திரி பத்து மணிக்குக் குடித்துவிட்டு ஷாப்புக்குள் ஏறிக் குதித்திருக்கிறார், இருட்டில் கால் தவறி விழுந்துவிட்டார். சட்டையில் பிராந்தி வாசனை இருந்தது என்னவோ நிஜம். போலீஸ்காரர் ஒருவர் பலகைமேல் தாள் வைத்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"குழியில இன்னா இருந்துச்சு?"

எத்திராஜ் வாயைத் திறந்தான். அப்போதுதான் கேட்டருகில் வாட்ச்மேனைப் பார்த்தான். காக்கிச் சட்டை. வலது கை முழங்கை வரைக்கும் நனைந்து, வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவன் ராஜவேலு. எத்திராஜின் மனைவி அம்சவேணியின் தம்பி.

"பழைய சுண்ணாம்புங்க" என்றான் எத்திராஜ்.

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டான். அன்று மத்தியானமே நாலாம் நம்பரைத் திறந்து கால்வாயில் விட்டுவிட்டார்கள்.

*

ராஜவேலு பத்து மாசக் குழந்தையாக இருக்கும்போது தாய் செத்தாள். பன்னிரண்டு வயசு அம்சவேணி அவனை இடுப்பில் தூக்கினவள், கல்யாணமாகி வரும்போதும் இறக்கிவிடவில்லை. தாலி கட்டின அன்றைக்கு எத்திராஜ் வீட்டுக்குள் நுழைந்தது அவளும் அவனும்தான். அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த வீட்டில் பிள்ளை என்று ஒருத்தன் இருந்தால் அது ராஜவேலுதான். வாட்ச்மேன் வேலைக்கு மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதும் எத்திராஜேதான்.

சாவு நடந்து மூன்றாம் நாள், ராஜவேலு வீட்டுப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தான். எத்திராஜ் வாளி எடுக்கப் போனான். ராஜவேலுவின் இடது கையில் கருகருவென்று முடி. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு பொட்டு முடி இல்லை. தோல் சிவந்து, உரித்த கோழிபோல. பழைய சுண்ணாம்பு என்று நினைத்துக் கழுவாமல் காயவிட்டிருக்கிறான். சல்பைட்டு என்று தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே தண்ணீருக்கு ஓடியிருப்பான். உள்ளே போட்டவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அதைக் கலக்கினவன்.

ராஜவேலு துண்டை இழுத்துக் கைமேல் போட்டுக்கொண்டான். எத்திராஜ் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மாசத்தில் ராஜவேலுவைக் குடோனுக்கு மாற்றிப் பெரிய வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

ஜம்புலிங்கத்தின் பிணம் ஊர்த்தெரு வழியாகத்தான் போயிற்று. இரண்டு பக்கமும் லத்தியோடு போலீஸ். மாடியில் ஒருத்தரும் இல்லை. தூக்கினவர்கள் அத்தனை பேர் காலிலும் செருப்பு. அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. அடுத்த ஆள் தான்தான் என்பதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்து சொன்னார்.

எடுப்பதற்கு முன்னால் அவருடைய அக்கா கங்கம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய சீப்பாலேயே தலை வாரிவிட்டாள். பேரணாம்பட்டில் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். தம்பியின் முடி நுனியில் கொஞ்சம் செம்பட்டை அடித்திருந்தது. மற்றபடி அதே சுருட்டை. "ராவெல்லாம் அந்தப் பாழுங்குழியில கெடந்தியே தம்பி, ஒரு முடி கொட்டலியே, ஒரு முடி கொட்டலியே" என்று அழுதாள். சுற்றி நின்ற தோல் ஷாப்புக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பழைய சுண்ணாம்பில் முடி கொட்டாதுதான். அவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எத்திராஜ் மட்டும் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் நினைவு நாள். ஒவ்வொரு தடவையும் கங்கம்மாள் அதையே சொல்லி அழுவாள். அழுது முடித்து, "எங்க எத்திராஜு? என் தம்பியத் தூக்குன கைய எங்க?" என்று கூப்பிடுவாள். முதல் மாலை அவன்தான் போட வேண்டும். போட்டதும் அவன் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். இரண்டாவது வருஷத்திலிருந்துதான் அந்தக் கை மூடாமல் போயிற்று.

டீக்கடையில் மூன்று கதை ஓடிக்கொண்டிருந்தது. கிளவுஸ் கேட்டதற்கு ஷாப்புக்காரர்கள் முடித்துவிட்டார்கள் என்று ஒன்று. சுடுகாட்டுப் பாதைக்காக ஊர்க்காரர்கள் என்று ஒன்று. எலெக்ஷன் சீட்டுக்காக அவர் கட்சிக்காரனே செய்தான் என்று ஒன்று. குடித்துவிட்டு விழுந்தார் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எத்திராஜ் எல்லாவற்றையும் கேட்டு, டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வருவான். ஆட்டுத்தோலைக் குழியிலிருந்து இழுக்கும்போதெல்லாம் கையில் முடி சேறாக வழிந்து போகும். அவன் மறுபடி பிடித்துப் பார்ப்பான். ஒவ்வொரு தோலிலும் பிடித்துப் பார்ப்பான்.

*

எண்பத்து மூன்றில் சர்க்கார் ஒரு விசாரணை போட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார் என்றார்கள். அதற்காக ஐந்து வருஷம் நடையாய் நடந்தவர் வக்கீல் ஜியாவுல்லா, ஜம்புலிங்கத்தின் பள்ளிக்கூட தோஸ்த். சாட்சி சம்மனைத் தானே கொண்டுவந்து எத்திராஜிடம் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் பேஜார் ஆவாத எத்திராஜ். எப்படித் தூக்கினேன்னு கேப்பேன். நடந்தது நடந்தபடி சொல்லு, போதும்."

நடந்தது நடந்தபடி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜவேலு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் வாழை இலைப் பொட்டலம்.

"அக்கா, எலும்பாப் பாத்து வாங்கினு வந்திருக்கேன். மாமாவுக்குக் கொழம்பு தண்ணியா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"வந்துட்டாரு பெரிய சமையல்காரரு. முட்டிக் கால் போட்டுக்கினு என் முந்தானையில மூக்கு சிந்துனவன் நீ. போய் ஒக்காரு" என்றாள் அம்சவேணி. அவன் வந்தாலே அவள் குரல் இளசாகிவிடும்.

உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஷாப்பு விஷயம் பேசினான். அப்புறம், "பேப்பர் வந்துதாமே மாமா?" என்றான்.

"வந்துது."

"இன்னா சொல்லப் போற?"

"கேக்கறதுக்கு."

"அன்னிக்கு எழுதிக் குடுத்தத சொல்லிட்டு வந்துடு. எதுக்கு ஜாஸ்தி பேச்சு. அஞ்சு வருசம் ஆய்ப்போச்சி."

எத்திராஜ் அவன் சட்டைக் கையைப் பார்த்தான். "கையில முடி மொளைச்சிடுச்சாடா?"

அடுப்படியில் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. ராஜவேலு மணிக்கட்டுப் பொத்தானைத் தடவினான்.

"மொளைச்சிடுச்சி மாமா. ஆறு மாசத்துலயே."

"எங்க புடிச்ச?"

"காலு."

"எத்தினி பேரு?"

"கார்ல நாலு பேரு. மூஞ்சில துண்டு. கேட்டத் தொறன்னாங்க. தொறந்தேன். பழைய குழி எதுன்னாங்க. காட்டுனேன். ஒருத்தன் கொரலு தெரிஞ்ச கொரலுதான். கேக்காத மாமா, என் தலைய வெட்டுனாலும் சொல்ல மாட்டேன். சொன்னா நெசமாவே வெட்டிடுவானுங்க."

"உசுரு இருந்துதா?"

ராஜவேலு அழ ஆரம்பித்தான். முப்பது வயசு ஆள், பிள்ளைபோல மூக்கை முழுக்கையில் துடைத்துக்கொண்டான். "தெரில மாமா. சத்தியமா தெரில. காலு சூடா இருந்துச்சி. தூக்கினு போவும்போது ஒரு செருப்பு உழுந்துச்சி. நான்தான் எடுத்து மாட்டிவுட்டேன். அவரு செருப்பு இல்லாமப் போவக் கூடாதுன்னு தோணிச்சி. அவ்ளோதான் நான் செஞ்சது. அவ்ளோதான் மாமா."

எலும்புக் குழம்பு கொதித்தது. ராஜவேலு சாப்பிடாமல் போய்விட்டான்.

சாயங்காலம் அம்சவேணி எத்திராஜின் வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து, தரையில் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னா கேக்கப் போறேன்னு உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்த மனுசன் எனுக்கும் சாமி மாதிரிதான். நானும் அந்தத் தெருவுல செருப்புப் போட்டுக்கினு நடந்தவதான். ஆனா அவரு போய்ட்டாரு. இவன் இருக்கான். மாடில இருந்து தள்னவன வுட்டுட்டு ஏணியப் புடிச்சவனத் தூக்குல போடுவாங்க. உனுக்குத் தெரியாதா சர்க்காரு?"

"தெரியும்."

"அப்ப?"

எத்திராஜ் வலது கையை அவள் முன்னால் நீட்டினான். மூட முயன்றான். விரல்கள் வழக்கம்போலப் பாதியில் நின்றன. "பாரு" என்றான். "இத்த வச்சிக்கினு நான் எங்க போவட்டும் வேணி?"

அவள் கையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

*

விசாரணை பயணியர் பங்களா கூடத்தில் நடந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முன் பெஞ்சில் கங்கம்மாள், மடியில் பீடி இலைத் தட்டு இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். பின்னால் சத்தார். சுவரோரமாக ராஜவேலு, முழுக்கைச் சட்டையில். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி அம்சவேணி.

ஜியாவுல்லா எழுந்தார். "எப்படித் தூக்கினீர்கள்?"

"முடியப் புடிச்சிங்க."

"ஏன் முடியை?"

"வேற எதுவும் கைக்கு நிக்கலைங்க."

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். எத்திராஜ் நிறுத்தவில்லை.

"ஐயா, அந்த முடி வந்திருக்கணுங்க. வரல. அது பழைய சுண்ணாம்பு இல்ல. முந்தின நாள் சாயங்காலம் நானே சல்பைட்டு போட்டுக் கலக்கின குழி. ராத்திரி பத்து மணிக்கு உழுந்திருந்தா காலையில மண்டையில ஒண்ணு இருக்காது, தோலே கழண்டிருக்கும். அவர உள்ள போட்டது நான் வர்றதுக்குக் கால்மணி முன்னாலதாங்க. நான் சங்குக்கு முன்னாடியே வருவேன்னு அவங்களுக்குத் தெரியாது."

ஜியாவுல்லா தாளைக் கீழே வைத்தார். கங்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "அப்ப அந்த முடி..." என்றாள். "அப்ப அந்த முடி..."

"அந்த நேரம் கேட்டில் யார்?" என்று நீதிபதியே கேட்டார்.

எத்திராஜ் சுவரோரம் பார்க்கவில்லை. "வாட்ச்மேன் ராஜவேலுங்க. மூணாம் நாள் அவன் வலது கையில முடி இல்ல. நான் பாத்தேன்."

"அவர் உங்களுக்கு யார்?"

"என் மச்சான். என் பொண்டாட்டி தூக்கி வளத்த புள்ளைங்க."

ஷாப்புத் தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், சிரித்த முகம். "எழுபத்தெட்டில் பழைய சுண்ணாம்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது பொய்யா?"

"பொய்ங்க."

"அப்போது பொய் சொன்னவர் இப்போது மட்டும் எப்படி நிஜம் சொல்வீர்கள்? சல்பைட்டு போட்டதை யார் பார்த்தது?"

"யாரும் பாக்கலைங்க."

"மச்சான் குடோனில் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் இன்னும் குழியில். அதுதானே வயிற்றெரிச்சல்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எத்திராஜும் லேசாகச் சிரித்துவிட்டான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொண்டார்கள் என்று பின்னால் ஜியாவுல்லா சொன்னார்.

இறங்கி வரும்போது சுவரோரம் ராஜவேலு இல்லை. மோட்டார் சைக்கிளை ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டுப் பெங்களூர் வண்டியில் ஏறியிருக்கிறான். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. கோலாரில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னார்.

வாசலில் சத்தார் பக்கத்தில் வந்து நடந்தான். கொஞ்ச தூரம் போனதும், "அன்னிக்குத் தண்ணி ஊத்தும்போது என் கையும் எரிஞ்சுதுடா" என்றான். "பழைய சுண்ணாம்பு இப்டி எரியாதேன்னு தோணிச்சி. கேக்கல நானு." அதற்கப்புறம் அவன் சொம்புக் கிண்டல் செய்வதில்லை.

அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. சாட்சியின் முன்பின் முரணான பேச்சை ஏற்க இயலாது. மரணத்தின் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. டீக்கடையில் இப்போது புதுசாக ஒரு கதையும் சேர்ந்திருந்தது. எத்திராஜ்தான் தள்ளிவிட்டான், மச்சானைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொண்டான். அதைச் சொல்கிறவர்கள் அவன் வந்தால் பேச்சை மாற்றி, பெஞ்சில் இடம் விடுவார்கள்.

எண்பத்தைந்து மார்ச் நினைவு நாளில் கங்கம்மாள் அழவில்லை. முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் மாலை போட்டு முடித்த பிறகு எத்திராஜ் போட்டான். திரும்பினபோது எதிரில் நின்றாள்.

"கையக் காட்டு" என்றாள்.

நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. குனிந்து, எழுத்துத் தெரியாதவர்கள் தபாலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சொன்னியே, அது பெருசு. உன்னாட்டம் எவனும் சொந்தத்த வுட்டுக் குடுக்க மாட்டான். ஆனா அஞ்சு வருசம் என்ன அந்த முடியப் பத்திப் பேச வுட்டுட்டு நின்னுக்கினு இருந்தியேடா. என் கண்ணுல வேற ஒத்திக்க வுட்டியே."

எத்திராஜ் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

வீட்டில் அம்சவேணி மத்தியானம் இரண்டு தட்டு வைப்பாள். ஒன்று அவளுக்கு. ஒன்று ராஜவேலுவுக்கு. எத்திராஜ் தானே போட்டுக்கொள்வான். இரண்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கும் நினைவு நாளிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ராஜவேலுவின் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே, அவன் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"காலு சூடா இருந்துதுன்னு அன்னிக்குச் சொன்னானே. அத அங்க சொன்னியா?"

"இல்ல."

"அந்த அக்காகிட்ட?"

"இல்ல. எப்பிடிச் சொல்றது?"

அவள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். ராஜவேலுவின் தட்டிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். எத்திராஜ் சோற்றில் கை வைத்தான். விரல்கள் வழக்கமான இடத்தில் வந்து நின்றன.